நார்தர்ன் லீக் பேஸ்பால் (1993–2010): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் பேச்சு வந்தால் நான் அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் அதிக நேரம் நிற்பதில்லை. எப்படியாவது இந்தச் சின்ன லீக்குக்குத் தாவிவிடுவேன். கேட்பவர்களும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பேஸ்பால் விதிகள் தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். இந்தக் கதையில் பந்தும் மட்டையும் வரும் இடங்கள் குறைவு.

"சுயேச்சை லீக்" என்றால் என்ன? மைனர் லீக் என்கிறார்களே, அதுதானே இது?

அதுவல்ல. மைனர் லீக் அணி என்பது மேஜர் லீக் அணி ஒன்றின் நாற்றங்கால். ஆட்டக்காரர்களையும் பயிற்சியாளர்களையும் மேலே இருக்கும் அணிதான் அனுப்பிவைக்கும், சம்பளமும் அதுவே கொடுக்கும். உள்ளூர் முதலாளிக்கு மைதானம், டிக்கெட், தின்பண்டம், விளம்பரம் ஆகியவைதான் மிச்சம். யார் ஆடுவது, யாரை உட்காரவைப்பது என்பதில் அவருக்குப் பேச்சே கிடையாது. இறுதிப்போட்டிக்கு முந்தின நாள் ஊரின் நட்சத்திரத்தை மேலே அழைத்துக்கொண்டாலும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சுயேச்சை லீக்கில் மேலே யாரும் இல்லை. ஆட்டக்காரரைத் தேடுவது, ஒப்பந்தம் போடுவது, சம்பளம் கொடுப்பது, வீட்டுக்கு அனுப்புவது என்று எல்லாமே அந்த அணியின் பொறுப்பு. நஷ்டம் வந்தாலும் தாங்கிப்பிடிக்க ஆள் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் நல்லது கெட்டது இரண்டுக்கும் வேர் இதுதான்.

நார்தர்ன் லீக் எந்த ஊர்களில் நடந்தது? எத்தனை வருஷம்?

அமெரிக்காவின் வடக்கு நடுப்பகுதியிலும் அதை ஒட்டிய கனடாவிலும் நடந்தது. 1993-ல் ஆறு அணிகள்: மினசோட்டாவில் செயின்ட் பால் செயின்ட்ஸ், டுலூத்-சுப்பீரியர் டியூக்ஸ், ராச்செஸ்டர் ஏசஸ், சவுத் டகோட்டாவில் சூ ஃபால்ஸ் கேனரீஸ், அயோவாவில் சூ சிட்டி எக்ஸ்ப்ளோரர்ஸ், கனடாவின் ஒன்டாரியோவில் தண்டர் பே விஸ்கி ஜாக்ஸ். ஓர் அணிக்கு 72 ஆட்டங்கள். முதல் கோப்பை செயின்ட் பாலுக்கு.

கடைசி சீசன் 2010. மொத்தம் 18 கோடைகள். குளிர் காலத்தில் உறைந்து கிடக்கும் ஊர்கள் இவை என்பதால் கோடை என்ற சொல்லுக்கு அங்கே நாம் நினைப்பதைவிட மதிப்பு அதிகம்.

இதை ஆரம்பித்தது யார்? பணத்தைத் தொலைக்க வேறு வழி தெரியவில்லையா அவருக்கு?

மைல்ஸ் வுல்ஃப். பணத்தைத் தொலைக்கிற ஆள் இல்லை. வட கரோலினாவின் டர்ஹம் புல்ஸ் என்ற மைனர் லீக் அணியைச் சுமார் 2,500 டாலருக்கு வாங்கி, 1980-ல் அதை மறுபடி ஆடவைத்து, பத்து வருஷத்தில் நாடறிந்த பெயராக்கியவர். அந்த அணி அவர் கையைவிட்டுப் போனது பல லட்சம் டாலருக்கு. 'பேஸ்பால் அமெரிக்கா' பத்திரிகையின் வெளியீட்டாளரும் அவர்தான். சின்ன ஊர் மைதானங்களின் வரவு செலவு அவருக்கு மனப்பாடம்.

அவர் கண்ணில் பட்டது இதுதான்: வடக்கு மாநிலங்களில் நல்ல மைதானங்கள் இருந்தன, சனங்கள் இருந்தார்கள், தொழில்முறை அணி மட்டும் இல்லை. டுலூத்தின் வேட் ஸ்டேடியம் 1941-ல் செங்கல் செங்கலாகக் கட்டியது, சும்மா கிடந்தது. அந்த ஊர்களுக்கு ஆள் பிடித்தார். செலவு குறைவாக இருந்தால் இந்தக் கூட்டமே போதும் என்பது அவர் கணக்கு.

ஏன் சரியாக 1993? முன்பே செய்திருக்கலாமே?

1990-ல் மேஜர் லீக்குக்கும் மைனர் லீக்குக்கும் ஒரு புது ஒப்பந்தம் ஏற்பட்டது. உடைமாற்றும் அறை, விளக்கு, இருக்கை என்று மைதானத்துக்கு ஏகப்பட்ட தரநிலைகள் விதித்தார்கள். பழைய மைதானம் உள்ள சின்ன ஊர்களுக்கு இரண்டே வழி: கடன் வாங்கிக் கட்டு, இல்லாவிட்டால் அணியை இழந்துவிடு. அந்த ஏற்பாட்டுக்குள் நுழையவே முடியாத ஊர்களும் இருந்தன. செயின்ட் பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரான மினியாபொலிஸில் மேஜர் லீக் அணியான ட்வின்ஸ் இருந்ததால், எல்லை உரிமைப்படி வேறோர் அணி அங்கே கடை விரிக்க முடியாது. ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கும் லீக்குக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது.

முன்பே யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1970-களில் போர்ட்லண்ட் மேவரிக்ஸ், 1980-களில் சால்ட் லேக் ட்ராப்பர்ஸ் என்று தாய் அணி இல்லாத அணிகள் இருந்தன. ட்ராப்பர்ஸ் 1987-ல் தொடர்ந்து 29 ஆட்டங்களை வென்றது. ஆனால் அவை மைனர் லீக்குகளுக்குள் ஒண்டிக்கொண்டிருந்த ஒற்றை அணிகள். மொத்த லீக்கையே வெளியே வைத்து நிலைநிறுத்தியதில்தான் நார்தர்ன் லீக் வேறுபடுகிறது. அதே 1993-ல் ஒஹாயோ பக்கம் ஃப்ரன்டியர் லீக்கும் தொடங்கியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹாங்க் ஆரன் நார்தர்ன் லீக்கில் ஆடினார் என்று படித்தேன். அவர் 1976-லேயே ஓய்வு பெற்றுவிட்டாரே?

இந்தக் குழப்பம் வராத ஆளே இல்லை. அதே பெயரில் பழைய லீக் ஒன்று இருந்தது. 1902-ல் தொடங்கி, நடுநடுவே நின்று நின்று 1971 வரை போனது. அதன் பிற்காலத்தில் அது மேஜர் லீக்கோடு இணைந்த சாதாரண மைனர் லீக். ஹாங்க் ஆரன் 1952-ல் விஸ்கான்சினின் ஓ கிளேர் பேர்ஸ் அணிக்கு ஆடியது அந்த லீக்கில். ரோஜர் மாரிஸ் 1953-ல் ஃபார்கோ-மூர்ஹெட் அணிக்கு ஆடியதும் அதில்தான். வுல்ஃப் தெரிந்தேதான் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். அந்த ஊர்களின் பெரியவர்களுக்கு அது தாத்தா காலத்துப் பெயர், அறிமுகமே தேவைப்படவில்லை.

சம்பளம் எவ்வளவு? அதில் குடும்பம் நடத்த முடியுமா?

முடியாது. 1990-களில் ஓர் அணி முழுவதற்கும் ஒரு சீசனுக்கு இருந்த சம்பள உச்சவரம்பு ஒரு லட்சம் டாலருக்கும் குறைவு. 1993-ல் மேஜர் லீக்கின் ஆகக் குறைந்த சம்பளமே 1,09,000 டாலர். அதாவது அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் பணத்தில் இங்கே ஓர் அணியையே நடத்தலாம். புதுப் பையன்களுக்கு மாதம் சில நூறு டாலர், அனுபவஸ்தர்களுக்கு இரண்டாயிரம் வாக்கில். அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும்.

பலர் உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டில் ஒரு அறையில் தங்கினார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மைதானத்தில் தனி மரியாதை. பயணம் முழுக்கப் பேருந்துதான். தண்டர் பேயிலிருந்து சூ சிட்டிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். இரவு முழுக்க உட்கார்ந்து போய் மறுநாள் மாலை ஆட வேண்டும். சீசன் முடிந்ததும் ஆளாளுக்கு வேறு வேலை தேடிப் போவார்கள்.

அப்புறம் யார்தான் இதில் ஆடினார்கள்?

விதியே அதைத் தீர்மானித்தது. பல வருஷ அனுபவம் உள்ளவர்களை ஓர் அணி சில பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, புதியவர்கள் இத்தனை பேர் கட்டாயம் இருக்க வேண்டும். அதனால் ஒரே அறையில் டிராஃப்டில் (மேஜர் லீக் அணிகள் புதுப் பையன்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) யாரும் தேர்ந்தெடுக்காத கல்லூரிப் பையன், மைனர் லீக் கைவிட்ட 25 வயதுக்காரர், ஒரு காலத்தில் உலகத் தொடர் (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) ஆடிய முதியவர் எல்லோரும் இருப்பார்கள். 1981 உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பகிர்ந்துகொண்ட பெட்ரோ கரேரோ 1993-ல் சூ ஃபால்ஸுக்கு ஆடினார். 1991 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் பத்து இன்னிங்ஸ் (சாதாரண ஆட்டத்துக்கு ஒன்பதுதான்) தனியாளாகப் பந்தெறிந்த ஜாக் மாரிஸ், தன் சொந்த ஊரான செயின்ட் பாலுக்கு 1996-ல் வந்தார், 41 வயதில்.

எனக்குப் பிடித்தவர்கள் மேலிருந்து இறங்கியவர்கள் அல்ல, கீழிருந்து ஏறியவர்கள். கெவின் மில்லரை எந்த அணியும் டிராஃப்ட் செய்யவில்லை. 1993-ல் செயின்ட் பாலில் ஆடி, அங்கிருந்து ஃப்ளோரிடாவின் மைனர் அணிக்குப் போய், 2004-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் 86 வருஷத்துக்குப் பிறகு கோப்பை வென்றபோது அந்த அணியில் இருந்தார். ஃபார்கோக்காரர் கிறிஸ் காஸ்ட் சொந்த ஊர் அணியில் நான்கு வருஷம் ஆடியவர். மேஜர் லீக்கில் கால்வைக்கும்போது அவருக்கு வயது 33. இரண்டு வருஷம் கழித்து, 2008-ல், ஃபிலடெல்ஃபியாவோடு உலகத் தொடரை வென்றார். வின்னிபெக்கில் பந்தெறிந்த ஜெஃப் சிம்மர்மன் இரண்டே வருஷத்தில், 1999-ல், மேஜர் லீக்கின் ஆல்-ஸ்டார் ஆனார்.

பன்றிக்குட்டி அம்பயருக்குப் பந்து கொண்டுபோகுமாமே! இது ஆட்டமா, சர்க்கஸா?

உண்மைதான். செயின்ட் பால் செயின்ட்ஸின் அடையாளமே அது. பன்றிக்குட்டி முதுகில் பையோடு பந்துகளைச் சுமந்து அம்பயரிடம் போகும். ஒவ்வொரு வருஷமும் புதுக் குட்டி, புதுப் பெயர். பார்வையாளர் வரிசையில் முடிவெட்டிக்கொள்ளலாம். கன்னியாஸ்திரீ ஒருவர் முதுகு பிடித்துவிடுவார். மைதானச் சுவருக்குப் பின்னால் ரயில் போனால் கூட்டம் கையசைக்கும், ரயில் ஊதும்.

இதற்கெல்லாம் மூளை மைக் வீக். இவருடைய அப்பா பில் வீக் சிகாகோ ஒயிட் சாக்ஸின் முதலாளி. 1979 ஜூலை 12-ல் டிஸ்கோ இசைத்தட்டுகளை மைதானத்தில் வெடிவைத்துத் தகர்க்கும் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர் மகன். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து, அன்றைய இரண்டாவது ஆட்டத்தை ஒயிட் சாக்ஸ் தோற்றதாக அறிவிக்கும்படி ஆயிற்று. அதன் பிறகு பத்து வருஷத்துக்கு மேஜர் லீக் பக்கம் இவரைச் சேர்ப்பார் இல்லை. ஆக இரண்டாவது வாய்ப்பு தேடி வந்தவர்கள் ஆட்டக்காரர்கள் மட்டும் இல்லை. நடிகர் பில் மர்ரேவும் அப்போது இந்த அணியின் பங்குதாரர்களில் ஒருவராக இருந்தார்.

சர்க்கஸ் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது என்பது என் கட்சி. அப்போது ட்வின்ஸ் ஆடியது மெட்ரோடோம் என்ற மூடிய கூரைக்குள், செயற்கைப் புல்லில். ஏழு மாதம் பனியில் அடைந்து கிடந்த சனத்தைக் கோடையிலும் கூரைக்குள் உட்காரச் சொன்னால் எப்படி? செயின்ட்ஸ் வானத்துக்குக் கீழே ஆடியது, டிக்கெட்டும் மலிவு. 1994 ஆகஸ்டில் மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து உலகத் தொடரே ரத்தானபோது, இங்கே ஆட்டம் நிற்கவில்லை. பன்றிக்குட்டி இல்லாவிட்டாலும் கூட்டம் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், கொஞ்சம் குறைவாக.

டேரில் ஸ்ட்ராபெரி மாதிரி பெரிய ஆள் அங்கே ஏன் போனார்?

வேறு கதவு எதுவும் திறக்கவில்லை. போதைப்பொருள், வரி ஏய்ப்பு வழக்கு, தடை எல்லாம் சேர்ந்து 1996 தொடக்கத்தில் எந்த மேஜர் லீக் அணியும் அவரைத் தொடவில்லை. மே மாதம் செயின்ட் பால் ஒப்பந்தம் போட்டது. 29 ஆட்டங்களில் 18 ஹோம் ரன் (பந்தை மைதானச் சுவருக்கு வெளியே அடிப்பது), சராசரி .435. அதாவது ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 435 முறை வெற்றி என்ற விகிதம். நல்ல ஆட்டக்காரருக்கு 300 வந்தாலே பெரிது.

ஜூலையில் நியூயார்க் யாங்கீஸ் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அக்டோபரில் உலகத் தொடர் கோப்பை. செயின்ட் பாலில் கழித்த அந்த இரண்டு மாதத்தால்தான் நாட்டின் மற்ற பகுதிகளுக்கு நார்தர்ன் லீக் என்ற பெயரே தெரிந்தது.

ஜே.டி. டிரூ இந்த லீக்கைப் பயன்படுத்தி மேஜர் லீக்கையே மிரட்டினார் என்பது சரியா?

மிரட்டினார் என்பது ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் சொல்வது. 1997 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக அவரை ஃபிலடெல்ஃபியா தேர்ந்தெடுத்தது. விதிப்படி அவர் அந்த அணியோடு மட்டுமே பேரம் பேச முடியும். அவரும் ஏஜென்ட் ஸ்காட் போராஸும் சுமார் ஒரு கோடி டாலர் கேட்டார்கள், அணி மறுத்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஆட்டக்காரர் பணிந்துபோவார், ஏனென்றால் ஒரு வருஷம் ஆடாமல் இருந்தால் மதிப்பு போய்விடும். டிரூ செயின்ட் பாலுக்குப் போய் ஆடினார். மறு வருஷம் செயின்ட் லூயிஸ் அவரை டிராஃப்ட் செய்து சுமார் 70 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது.

சுயேச்சை லீக்கில் ஆடியவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட்டார், ஆகவே டிராஃப்டே அவருக்குப் பொருந்தாது என்றுகூட போராஸ் வாதாடிப் பார்த்தார். அது பலிக்கவில்லை. 1999-ல் டிரூ ஃபிலடெல்ஃபியாவில் ஆடப் போனபோது ரசிகர்கள் பேட்டரிகளைத் தூக்கி எறிந்தார்கள். மற்றபடி, பின்னாளில் மேக்ஸ் ஷெர்சர் போன்றவர்களும் பேரம் முடியும்வரை சுயேச்சை லீக்கில் பந்தெறிந்து காத்திருந்தார்கள். காத்திருக்க ஓர் இடம் இருக்கிறது என்பதே பேரத்தில் ஒரு துருப்புச்சீட்டு.

ஆண்கள் அணியில் ஒரு பெண் ஆடினாராமே? விளம்பரத்துக்குத்தானே?

ஐலா பார்டர்ஸ், இடதுகைப் பந்தெறிவாளர். 1997-ல் செயின்ட் பால் அவரை எடுத்தபோது அதில் விளம்பர ஆசை இல்லை என்று பன்றிக்குட்டி வைத்திருந்த அணியைப் பார்த்து யாரும் சத்தியம் செய்ய முடியாது. மே 31-ல் சூ ஃபால்ஸில் முதல் ஆட்டம், ஒருவரைக்கூட அவுட்டாக்க முடியாமல் வெளியேறினார். அடுத்த மாதமே டுலூத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

டுலூத்தில்தான் அவர் கதை மாறியது. 1998 ஜூலை 9-ல் ஆட்டத்தின் முதல் பந்தை எறியும் பொறுப்பு கிடைத்தது. ஜூலை 24-ல் சூ ஃபால்ஸுக்கு எதிராக ஆறு இன்னிங்ஸ் ஓர் ஓட்டம்கூட கொடுக்காமல் எறிந்து வெற்றி பெற்றார். 1999-ல் மேடிசன் அணியில் 15 ஆட்டங்களில், ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.67 ஓட்டம் என்ற அளவில்தான் விட்டுக்கொடுத்தார். விளம்பரத்துக்காக மட்டும் வைத்திருந்த ஆளுக்கு இப்படிக் கணக்கு வராது.

"ஆண்கள் லீக்கில் முதல் பெண்" என்று எழுதுகிறார்கள், அது சரியில்லை. கறுப்பினத்தவருக்கான நீக்ரோ லீக்கில் 1950-களிலேயே டோனி ஸ்டோன், மேமி ஜான்சன், கானி மார்கன் மூவரும் ஆடினார்கள். அதில் மேமி ஜான்சன் பந்தெறிவாளர்.

எழுபது வயசு தாண்டியவரை ஆடவிட்டார்களாமே, அது வேடிக்கை இல்லையா?

வேடிக்கைதான், ஒத்துக்கொள்கிறேன். கியூபாவில் பிறந்த மின்னி மின்யோசோ 1949-ல் மேஜர் லீக்கில் ஆடத் தொடங்கியவர். 1990-ல் ஒயிட் சாக்ஸுக்காக ஒருமுறை மட்டை பிடிக்க விரும்பியபோது ஆணையர் அனுமதிக்கவில்லை. 1993-ல் செயின்ட் பால் அனுமதித்தது. நாற்பதுகளிலிருந்து எண்ணினால் அது அவர் ஆடிய ஆறாவது பத்தாண்டு. 2003-ல் மறுபடி வந்து, நான்கு தவறான பந்துகளை விட்டுவிட்டு நடந்தே முதல் பேஸுக்குப் போனார், ஏழாவது பத்தாண்டு. கூரையே இல்லாத லீக்கில்தான் இப்படிச் செய்ய முடியும். 2022-ல் அவர் பெயர் ஹால் ஆஃப் ஃபேமில் ஏறியது, அவர் மறைந்து ஏழு வருஷம் கழித்து.

எல்லாமே செயின்ட் பால் கதையாக இருக்கிறதே. மற்ற ஊர்கள் சும்மா ஒப்புக்கா?

நியாயமான புகார். கோப்பைகளை எண்ணினால் ஃபார்கோ-மூர்ஹெட் ரெட்ஹாக்ஸ்தான் பெரிய அணி. 1996-ல் சேர்ந்து 1998, 2003, 2006, 2009, 2010 என்று ஐந்து முறை வென்றது. செயின்ட் பாலுக்கு நான்கு. ஃபார்கோவின் மைதானத்தில் இடது ஓரம் 318 அடி, வலது ஓரம் 314 அடி. யாங்கீ ஸ்டேடியத்தின் அளவை அப்படியே எடுத்திருக்கிறார்கள். யாங்கீஸுக்காக 1961-ல் 61 ஹோம் ரன் அடித்த ரோஜர் மாரிஸ் வளர்ந்த ஊர் இது.

வின்னிபெக் கோல்டைஸ் வேறு ரகம். ராச்செஸ்டரில் முதல் வருஷம் கூட்டம் வராததால் அணி 1994-ல் கனடாவின் வின்னிபெக்குக்குப் போய், அந்த வருஷமே கோப்பையை வென்றது. கோல்டை என்பது அந்த ஊரில் புகைபோட்டுத் தின்னும் ஒரு மீன். முதலாளி சாம் காட்ஸ் பின்னால் அந்த ஊரின் மேயர் ஆனார். தண்டர் பேயும் டுலூத்தும்தான் தாக்குப்பிடிக்கவில்லை. ஒன்று 1999-ல் சிகாகோ புறநகரான ஷாம்பர்க்குக்கும், மற்றது 2003-ல் கன்சஸ் சிட்டிக்கும் போயின. லீக்கின் ஆதி ஊர்களைவிட வசதியான புறநகர்கள் முதலாளிகளை இழுத்தன.

ஆட்டத்தின் தரம் எப்படி? மேஜர் லீக்கோடு ஒப்பிட்டால்?

மேஜர் லீக்குக்குக் கீழே மைனர் லீக்கில் டிரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஏ என்று படிகள் உண்டு. இதைப் பெரும்பாலோர் டபுள்-ஏ-வுக்குச் சற்றுக் கீழே வைப்பார்கள். மேலே சொன்னபடி எல்லா வயதும் கலந்திருந்ததால் ஒரே ஆட்டத்தில் அற்புதமும் அபத்தமும் அடுத்தடுத்து வரும். ஆனால் ஒன்று: மைனர் லீக்கில் ஜெயிப்பதைவிடப் பையன்களை வளர்ப்பது முக்கியம். இங்கே ஜெயிப்பது மட்டும்தான்.

நன்றாகத்தானே போனது? 2005-ல் நான்கு அணிகள் ஏன் கிளம்பின?

அதற்கு முன்னால் ஒன்று. 1999-லிருந்து 2002 வரை வடகிழக்கு மாநிலங்களில் இருந்த நார்த்ஈஸ்ட் லீக்கை இதனோடு இணைத்திருந்தார்கள். ஒரு பெயர், இரண்டு பிரிவு. பெரிதாக ஒட்டவில்லை, பிரிந்தார்கள்.

2005-ல் கனடாவின் எட்மன்டனும் கால்கரியும் சேர்ந்தன. இன்னொரு முனையில் சிகாகோவை ஒட்டிய கேரி, ஜோலியட். வரைபடத்தில் அளந்து பாருங்கள், கேரியிலிருந்து எட்மன்டன் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பேருந்தில் போய்வந்து சம்பளத்தைக் கட்டுப்படுத்திப் பிழைத்த லீக் அது. எந்தத் திசையில் வளர்வது என்பதில் முதலாளிகளுக்குள் ஒத்துப்போகவில்லை. அந்த வருஷ முடிவில் செயின்ட் பால், சூ ஃபால்ஸ், சூ சிட்டி, லிங்கன் நான்கும் வெளியேறி, தெற்கிலிருந்த சென்ட்ரல் லீக் அணிகளோடு சேர்ந்து அமெரிக்கன் அசோசியேஷன் என்ற புது லீக்கைத் தொடங்கின. புது லீக்கின் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மைல்ஸ் வுல்ஃப்! தான் பெற்ற பிள்ளைக்கே போட்டியாக வந்து நின்றார்.

இங்கே முதல் பதிலுக்குத் திரும்புங்கள். மேலே யாரும் இல்லை என்றால், போகிறேன் என்பவரைத் தடுக்கவும் யாரும் இல்லை. எந்தச் சுதந்திரம் செயின்ட் பாலில் அணி வைக்க அனுமதித்ததோ அதுவேதான் செயின்ட் பால் கிளம்பவும் அனுமதித்தது.

அப்படியானால் 2010-ல் என்ன நடந்தது? திவாலா?

லீக் என்று பார்த்தால் ஆள் இல்லாமல் போயிற்று. 2007-க்குப் பிறகு எட்மன்டனும் கால்கரியும் கோல்டன் லீக்குக்குப் போய்விட்டன. 2010-ல் எட்டு அணிகள் ஆடின. அதில் ஒன்று நடிகர் கெவின் காஸ்ட்னர் பங்குதாரராக இருந்த லேக் கவுன்டி ஃபீல்டர்ஸ். அதற்கென்று பேசப்பட்ட ஸ்டேடியம் கடைசிவரை எழும்பவே இல்லை. சீசன் முடிந்ததும் ஃபார்கோ, வின்னிபெக், கேரி, கன்சஸ் சிட்டி நான்கும் அமெரிக்கன் அசோசியேஷனுக்கு நடந்தன. மிஞ்சிய நான்கில் ஷாம்பர்க் வாடகைப் பாக்கியில் மைதானத்தை இழந்தது, ஜோலியட் கைமாறி வேறு லீக்குக்குப் போனது. மிச்சத்தை வைத்து வேறு இரண்டு லீக்குகளோடு சேர்த்து நார்த் அமெரிக்கன் லீக் என்று ஒட்டுப்போட்டார்கள். அது இரண்டு வருஷம்தான் நின்றது.

லீக் செத்துவிட்டது, அணிகள் மட்டும் எப்படி உயிரோடு இருக்கின்றன?

ரசிகர் டிக்கெட் வாங்குவது அணிக்கு, லீக்குக்கு இல்லை. மைதானம், ஊர், சட்டை எல்லாம் அணியுடையவை. லீக் என்பது யார் யாரோடு ஆடுவது என்ற உடன்படிக்கைதான். அமெரிக்கன் அசோசியேஷனின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் சூ சிட்டி, சூ ஃபால்ஸ், ஃபார்கோ, வின்னிபெக், கேரி, லிங்கன், கன்சஸ் சிட்டி என்று பழைய நார்தர்ன் லீக் வாடை அடிக்கும். பலகையில் பெயரை மட்டும் மாற்றியதுபோல.

செயின்ட் பால் இப்போது ட்வின்ஸின் மைனர் அணியாமே! இது துரோகம் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கோபமாகவே கேட்கிறார்கள். 2021-ல் மேஜர் லீக் மொத்த மைனர் லீக் அமைப்பையும் தன் கைக்குள் கொண்டுவந்து, இணைப்பு அணிகளைச் சுமார் 160-லிருந்து 120 ஆகக் குறைத்தது. நாற்பது ஊர்கள் வெளியே தள்ளப்பட்ட அதே வேளையில், 28 வருஷம் வெளியே இருந்த செயின்ட் பால் உள்ளே அழைக்கப்பட்டது, அதுவும் மேலான டிரிபிள்-ஏ படியில். எல்லை உரிமையைக் காட்டி ஒருகாலத்தில் மற்ற அணிகளை நுழையவிடாமல் தடுக்க முடிந்த அதே பக்கத்து ஊர் அணி இப்போது தாய் அணி.

என் பதில் இரண்டாகத்தான் இருக்கிறது. முதலாளிகள் செய்தது புத்திசாலித்தனம். ஆட்டக்காரர் சம்பளம் இனி மேலே இருப்பவர் தலையில். ஆனால் மில்லர் மாதிரி டிராஃப்ட் ஆகாத பையனை அவர்களாகவே பார்த்து எடுத்து ஆடவைக்க இனி முடியாது. மின்யோசோவை முடியவே முடியாது. பன்றிக்குட்டி மட்டும் தொடர்கிறது.

இன்றைக்கும் சுயேச்சை லீக் என்று ஏதாவது இருக்கிறதா?

அமெரிக்கன் அசோசியேஷன், அட்லான்டிக், ஃப்ரன்டியர் மூன்றும் 2020-லிருந்து மேஜர் லீக்கின் "கூட்டாளி லீக்குகள்". பழைய மைனர் லீக்கான பயனியரும் பின்னர் அந்த வரிசையில் சேர்ந்தது. அணிகளுக்குத் தாய் அணி கிடையாது, ஆட்டக்காரர் ஒப்பந்தம் அவர்களுடையதே. ஆனால் மேஜர் லீக்கோடு முறையான உறவு இருக்கிறது. முழுச் சுயேச்சையா என்று கேட்டால், 1993-ல் வுல்ஃப் வைத்திருந்த பொருளில் இல்லை.

கெவின் மில்லர் 45 வயதில் திரும்பி வந்து ஹோம் ரன் அடித்தது நிஜமா, இணையக் கட்டுக்கதையா?

நிஜம். 2017 ஜூன், செயின்ட்ஸின் 25-வது சீசன். அப்போது அணி அமெரிக்கன் அசோசியேஷனில் இருந்தது, பழைய மைதானத்தை விட்டு 2015-லேயே நகர நடுவில் புது மைதானத்துக்கு வந்திருந்தது. விழாவுக்காக ஒரே ஒருமுறை மட்டை பிடிக்க மில்லரை அழைத்தார்கள். கணக்கில் ஏறும் நிஜ ஆட்டம் அது. அடித்தார், பந்து சுவரைத் தாண்டிப் போனது. சுற்றி ஓடி வந்தார், அத்தோடு அவருக்குப் பதில் வேறு ஆளை இறக்கிவிட்டார்கள்.